குறைந்தபட்சம் ஐம்பது

ம்பிட்டா படகுத்துறையில் என் கடை
ஒரு பச்சைத் தகரப் பெட்டி.
கம்பிவலைக்குப் பின்னால் நான்,
கோடுபோட்ட பேரேடு, நூலில் கட்டிய பேனா,
கூரைமேல் ஒரு சூரியத் தகடு.
பணம் போட வருவார்கள். எடுக்க வருவார்கள்.
அப்போண்டி வந்தது
வருகிற பணத்தை நிறுத்தச் சொல்லி.

படகின் எஞ்சினை அவளிடம் சொல்லாமல் விற்றுவிட்டு
மொம்பாசா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவனை
அழைப்பில் மறித்தாள், குறுஞ்செய்தியில் மறித்தாள்,
அவன் அண்ணனின் எண்ணையும் சேர்த்தே மறித்தாள்.
ஒரு செவ்வாய் விடியலில்
வலைக்கண்ணில் பொடிமீன் நுழைவதுபோல்
நுழைந்தது
ஒரு ஷில்லிங்.

'ஒரு ஷில்லிங் பெற்றுக்கொண்டீர்கள்.
அனுப்பியவர் டோபியாஸ் ஒகோலா ரடுவோர்.
நேரம் காலை ஐந்து பத்து.'
கோர்ட்டில் கூப்பிடுவதுபோல் முழுப்பெயர்.
முன்னால் அன்பே என்று இல்லை,
பின்னால் மன்னிப்பும் இல்லை.

இதை மறிக்க முடியுமா என்றாள்.
ஆளை மறிக்கலாம்,
காசை மறிக்கக் கம்பெனி இன்னும்
பொத்தான் வைக்கவில்லை என்றேன்.
நூறுக்குக் கீழே என்றால் அனுப்புகிற கூலியும் கிடையாது,
கஞ்சனுக்குத் தோதான பாசம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஐந்து பத்து. அதற்கு மறுநாள் ஐந்து பன்னிரண்டு.
போன் சார்ஜ் போட என்னிடம் கொடுத்துவிட்டு
மீன் காயவைக்கப் போவாள்.
விரிசல் விட்ட திரையில் அவன் பெயர்
இரண்டாக உடைந்து தெரியும்.
படிக்கக் கூடாதுதான். படித்தேன்.

ஒருநாள் இரண்டு ஷில்லிங் வந்தது.
இரண்டுக்கு என்ன அர்த்தம் என்று துறையே பேசியது.
குடித்திருப்பான் என்றாள் ஒமேனா விற்கிறவள்.
கூலி உயர்ந்திருக்கும் என்றான் பரிசல்காரன்.
விரல் வழுக்கியிருக்கும் என்றேன் நான்,
இந்தத் தொழிலில் பாதிக் கண்ணீர்
விரல் வழுக்கியதால் வருவது.
அப்போண்டி எதுவும் சொல்லவில்லை.
அன்று தலைத்துணியை
வேறு மாதிரி கட்டியிருந்தாள்.

நாற்பத்தேழு சேர்ந்திருந்தது.
எடுத்துக் கொடு என்று அடையாள அட்டையை நீட்டினாள்.
ஐம்பதுக்குக் கீழே எடுக்க முடியாது,
இன்னும் மூன்று நாள் பொறு என்றேன்.
எடுப்பதற்கும் கூலி பிடிப்பார்கள் என்பதை
சொல்ல வாயெடுத்து விழுங்கினேன்.

அந்த மூன்று நாளும் எதுவும் வரவில்லை.

முதல் நாள் கடைப்பக்கம் அவள் திரும்பவே இல்லை.
இரண்டாம் நாள் நெட்வொர்க் உண்டா என்று
தண்ணீர் கேட்பவள்போல் கேட்டாள்.
ஏரிக்கு அக்கரை வரைக்கும் சிக்னல் நிறைந்து கிடந்தது.
இல்லை என்றேன்.
கோபுரத்தில் ஏதோ கோளாறாம் என்றேன்.
ஆறு வருடப் பேரேட்டில்
பத்துக் காசு பிசகியதில்லை எனக்கு.
மூன்றாம் நாள் அவள் கேட்கவுமில்லை.
கோபுரம் சரியாகவில்லை என்று
நானாகவே கூவினேன்.

நான்காம் நாள் கடை திறக்குமுன் நின்றாள்.
எதுவும் வந்திருக்கவில்லை.
ஒரு ஷில்லிங் அனுப்ப வேண்டும், என்றாள்,
எண் சரிதானா என்று பார்.

மறித்த எண்ணை
மனப்பாடமாகச் சொன்னாள்.

சரிதான். ஆனால் கேள்,
அட்டையில் உள்ள பெயரோடுதான் போகும்.
அப்போண்டி ஒகோலா என்று
அவன் பெயரை ஒட்டிக்கொண்டுதான் போய்ச் சேரும்.
பரவாயில்லையா?

ஒரு படகு கரை தட்டும் நேரம் யோசித்தாள்.
பிறகு இடது கையால் திரையை மறைத்து
ரகசிய எண்ணை அழுத்தினாள்.
பழக்கதோஷத்தில் நான் ஏரியைப் பார்த்தேன்.

நாற்பத்தாறு.

எனக்குக் கமிஷன் இல்லாத காசு அது,
பேரேட்டில் எழுதக் கோடு இல்லை.
அடுத்தவன் வலைக்குள் கைவிட்டு
அறுநூறு ஷில்லிங்கை நீட்டினான்,
நோட்டெல்லாம் ஈரம், மீன்வாடை.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவள் போகவில்லை,
சார்ஜ் நிறைந்த போனை
மறுபடி செருகச் சொல்லி நீட்டினாள்.